வெள்ளையடிக்கும் முன்பு

வீடு வாடகைக்கு விடும் அன்பர்களுக்கு,



மே மாதம் பிறந்ததும் நம் ஊர்த் தெருக்களில் மினி லாரிகள் நிற்கத் தொடங்கும். பிள்ளைகளின் முழுஆண்டுத் தேர்வு முடிந்திருக்கும். பீரோ, கட்டில், வாஷிங் மெஷின், துளசித் தொட்டி என்று ஒரு குடும்பம் இறங்கிப் போகும். நீங்கள் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே ஒரு சுற்று சுற்றுவீர்கள். ஆணி அடித்த இடம், குழந்தை கிறுக்கிய சுவர், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சமையலறை எல்லாம் கண்ணில் படும். உடனே பெயின்டருக்குப் போன். “பட்டி பார்த்து ரெண்டு கோட் அடிச்சிடுப்பா. ஒண்ணாந்தேதி ஆள் வர்றாங்க.”

அந்தப் போனுக்கு முன்னால் ஒரு நாள் பொறுக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பழைய வீடுகளில் ரிப்பேர் வேலை எடுத்துச் செய்யும் சிவில் பொறியாளன் நான். ஒரு குடும்பம் காலி செய்வதற்கும் அடுத்தது பால் காய்ச்சுவதற்கும் இடையில் கிடைக்கும் வாரம் பத்து நாளில்தான் உங்கள் வீட்டின் உட்புறம் முழுதாக வெளிச்சத்துக்கு வருகிறது. பீரோவுக்குப் பின்னால் பூத்த உப்பு, கட்டிலுக்கு மேலே கூரையில் ஓடும் கீறல், ஃபிரிட்ஜ் மறைத்திருந்த கருகிய பிளக் பாயின்ட் எல்லாம் அப்போதுதான் தெரியும். வீடு தன் நோயைத் தானே காட்டும் அந்தச் சில நாட்களில் முதல் வேலையாகப் பட்டியும் பெயின்ட்டும் பூசி அத்தனையையும் மூடிவிடுகிறோம். வெள்ளையடிப்பதில் எனக்கு எந்த விரோதமும் இல்லை. பார்க்காமல் அடிப்பதுதான் ஆபத்து.

மே மாதத்துச் சென்னையில் கூரை பெரும்பாலும் ஒழுகாது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்த பிறகுதான் புதிதாகக் குடிவந்தவர் போன் செய்வார்: “சார், பெட்ரூம்ல தண்ணி சொட்டுது.” நீங்களும் மனதாரச் சொல்வீர்கள், “இதுவரைக்கும் யாரும் சொன்னதே இல்லையே, இப்பத்தானே பெயின்ட் அடிச்சேன்” என்று. இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மே மாதத்தில் கூரையில் ஒரு பழுப்புக் கறை இருந்திருக்கும். அதன் ஓரம் வளையம் வளையமாக இருந்தால், பல மழைகளில் நனைந்து நனைந்து காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கறை துருநிறத்தில் நேர்கோடாக ஓடினால் உள்ளே கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. கம்பி எந்த வழியில் போகிறதோ அந்த வழியிலேயே கறையும் போகும்.

இந்தத் துரு ஏன் பெரிய விஷயம் என்று கொஞ்சம் சொல்கிறேன். நல்ல கான்கிரீட் காரத்தன்மை மிகுந்தது. உள்ளே இருக்கும் கம்பியைக் காப்பது அந்தக் காரம்தான். காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கி அதைக் குறைக்கிறது. சாந்தோம், திருவான்மியூர், ராயபுரம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றும் கைகோத்துக்கொள்ளும். காரம் போன இடத்தில் ஈரம் சேர்ந்தால் துரு. துரு, தான் தின்ற இரும்பைப்போல் பல மடங்கு இடத்தை அடைக்கும். இடம் போதாமல் கீழே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளும். அதுதான் ஒருநாள் நடுராத்திரியில் பத்தையாகப் பெயர்ந்து விழுகிறது. தளத்தின் அடிக்கம்பிக்குக் கீழே சாதாரணச் சூழலிலேயே 20 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456. பழைய வீடுகளில் உடைத்துப் பார்த்தால் பல இடங்களில் அது இருக்காது. கவர் பிளாக் வைக்காமல் கம்பியை அப்படியே சென்டரிங் பலகையில் கிடத்திக் கான்கிரீட் போட்டிருப்பார்கள். வெறும் சிமென்ட் பூச்சு மட்டும்தான் கம்பியை மூடியிருக்கும்.

கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம். ஒட்டடைக் கம்பின் மறுமுனையால் கூரையைச் சதுரம் சதுரமாகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடம் ‘ணங்’ என்னும். உள்ளே பிரிந்துபோன இடம் ‘பொத் பொத்’ என்னும். அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். தட்டும்போதே உதிர்ந்தால் நல்லதுதான். அடியில் அப்போது யாரும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை.

அந்த வட்டத்தில் சிமென்ட்டைக் குழைத்து அப்பச் சொல்லும் மேஸ்திரியை நம்பாதீர்கள். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். மொட்டைமாடித் தட்டோட்டின் இடுக்குகள் திறந்திருக்கலாம். மழைநீர்க் குழாயின் வாய் இலையால் அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கலாம். மேல்வீட்டுக் குளியலறைத் தளம் கசியலாம். அதை நிறுத்திய பிறகு, தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பியின் முதுகு தெரியும் வரை கொத்தி எடுத்து, துருவைக் கம்பி பிரஷால் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, அதற்கென்றே விற்கும் பாலிமர் கலவையால் அடைக்க வேண்டும். கம்பி பாதியாகக் கரைந்திருந்தால் மேஸ்திரியோடு முடிகிற காரியம் இல்லை. கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். புது வீடு என்றால் இந்தக் கவலை இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: 2021இல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் விரலால் சுரண்டியதும் பூச்சு கொட்டியதைத் தமிழ்நாடே பார்த்தது. அதில் மக்கள் குடியேறி அதிக நாள் ஆகியிருக்கவில்லை.

ஃபேன் கொக்கியையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள். கூரைக் கம்பியோடு சேர்த்து வார்த்த அந்த வளையத்துக்கும் அதே துருதான். மேலே இருக்கும் கிண்ணத்தை இறக்கிப் பார்த்தால் போதும். கொக்கி பென்சில் அளவுக்குத் தேய்ந்த பிறகும் அதில் மூன்று இறக்கைகள் சுற்றிக்கொண்டிருக்கும் வீடுகள் இருக்கின்றன. பெயின்டர் கிண்ணத்துக்குச் சுற்றிலும் பிரஷ் ஓட்டிவிட்டுப் போய்விடுவார். கிண்ணத்தைக் கழற்றிப் பார்ப்பது அவர் வேலையும் இல்லை.

இப்படிப் பார்ப்பது உயிரைக் காக்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பின் ஒரு தொகுதி இடிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை. விரிசல் விரிவதைப் பார்த்தவர்கள் எல்லோரையும் வெளியேற்றிவிட்டதுதான் காரணம். அது அரசு கட்டிய குடியிருப்பு, உங்கள் இரண்டு மாடி வீட்டோடு அதை ஒப்பிடுவது நியாயமில்லைதான். ஆனாலும் ஒன்றை அது தெளிவாகக் காட்டியது: கட்டடத்தின் உட்புறத்தை முதலில் பார்ப்பவர் அதற்குள் குடியிருப்பவர்தான். “சுவத்துல கீறல் விட்டிருக்கு சார்” என்று வாடகைக்காரர் சொல்லும்போது வாடகையைக் குறைக்கச் சொல்ல அடிபோடுகிறார் என்று உடனே முடிவுகட்டாமல், ஒருமுறை ஏறிப் பாருங்கள்.

இப்போது மின்சாரத்துக்கு வருகிறேன். இடிந்து விழுவது அபூர்வம். ஷாக் அடிப்பது அபூர்வம் இல்லை.

1980களில் வயரிங் செய்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஃபேன், நாலு ட்யூப்லைட், ஒரு கிரைண்டர், ஒரு டிவி என்று கணக்குப் போட்டு வயர் இழுத்திருப்பார்கள். இன்று அதே வீட்டில் ஒன்றரை டன் ஏசி ஓடுகிறது. அது மட்டுமே ஏறக்குறைய ஒன்றரை கிலோவாட் இழுக்கும். கூடவே 2 கிலோவாட் கீசர், இண்டக்ஷன் அடுப்பு, வாஷிங் மெஷின். ஏசி, கீசர் போன்றவற்றுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இழுப்பது இப்போது வழக்கம். பழைய வீட்டில் லைட்டுக்குப் போட்ட மெல்லிய வயரிலிருந்து ஒரு கிளை பிரித்து கீசருக்குக் கொடுத்திருப்பதை வாரம் தவறாமல் பார்க்கிறேன். ஃபியூஸ் கேரியரில் ஒற்றை இழைக்குப் பதிலாக நாலு இழையை முறுக்கி வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. “அடிக்கடி போகுதுன்னு எலக்ட்ரீஷியன் ஸ்ட்ராங்கா கட்டிட்டார்” என்பார்கள். சுமை தாங்காமல் ஃபியூஸ் போவதுதான் அதன் வேலை. அதைப் போகவிடாமல் கட்டினால் அடுத்துப் போவது சுவருக்குள் இருக்கும் வயர்.

“நாங்க எம்சிபி போட்டுட்டோமே” என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஃபியூஸுக்குப் பதிலாக வரும் எம்சிபி என்ற சர்க்யூட் பிரேக்கர் வயரைக் காக்கும், மனிதரைக் காக்காது. ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு உடம்பு வழியாகப் பாய்ந்தால் இதயம் தாளம் தப்பி நின்றுவிடக்கூடும். 16 ஆம்பியருக்கு வைத்த எம்சிபிக்கு அது கணக்கிலேயே வராது. ஆள் விழுந்த பிறகும் அது நிமிர்ந்தே இருக்கும். ஆளைக் காப்பது ஆர்சிசிபி. போன மின்சாரம் முழுதாகத் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறு வழியில் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்துக்குள் வெட்டிவிடும். விலை சில ஆயிரம் ரூபாய்தான். நீங்கள் தேர்ந்தெடுக்கும் பெயின்ட்டில் சாதாரண ரகத்துக்கும் உயர்ந்த ரகத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் வாங்கிவிடலாம்.

பழைய வயரிங்கில் ஆர்சிசிபி போட்டால் அடிக்கடி டிரிப் ஆகும். சில எலக்ட்ரீஷியன்கள், “இது சரிப்படாது சார், சும்மா சும்மா விழும்” என்று சொல்லி அதை பைபாஸ் செய்துவிட்டுப் போவார்கள். சும்மா விழாது. எங்கோ கசிகிறது என்றுதான் விழுகிறது. ஒரே வீட்டை மூன்று போர்ஷனாக வெட்டிய இடங்களில் ஒரு போர்ஷனின் நியூட்ரலை இன்னொன்றுக்கும் இழுத்திருப்பார்கள்; அதுவும் காரணமாகலாம். உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்து, வீடு காலியாக இருக்கும்போது மெக்கர் வைத்து ஒவ்வொரு சர்க்யூட்டாக இன்சுலேஷனைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜும் ஏசியும் மாட்டியிருக்கும்போது செய்ய முடியாத சோதனை, காலி வீட்டில் அரைநாள் வேலை. போர்ஷனுக்குப் போர்ஷன் சப்-மீட்டர் வைத்து யூனிட் கணக்கில் பணம் வாங்கும் கெட்டிக்காரத்தனம் நமக்கு இருக்கிறதே, அதில் கொஞ்சம் இங்கேயும் செலவழிக்கலாம்.

எர்த் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பல வீடுகளில் எர்த் வயரை ஜிஐ தண்ணீர்க் குழாயில் கட்டிவிடுவார்கள். குழாய் இரும்பாக இருந்து மண்ணுக்குள்ளும் போனதால் ஏதோ ஓரளவு வேலை செய்தது. பிறகு குழாய் துருப்பிடித்தது, பிளம்பர் வந்தார், பிவிசி போட்டார். அன்றோடு எர்த் அறுந்தது. எலக்ட்ரீஷியனுக்கும் தெரியாது, பிளம்பருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மூன்று ஓட்டை வைத்த பிளக் பாயின்ட் மட்டும் சுவரில் சாதுவாக இருக்கும். மேல் ஓட்டை எங்கும் போகாது. இப்படி ஒரு வீட்டில் வாஷிங் மெஷினைத் தொட்டால் ‘சுர்’ என்கிறது என்று சொன்னால், “செருப்பு போட்டுக்கிட்டுத் தொடும்மா” என்பதே பதிலாகக் கிடைக்கிறது. தனி எர்த் குழி இருக்கும் வீடுகளிலும் கோடையில் மண் காய்ந்துவிடும். உப்பும் கரியும் போட்டு இறக்கிய அந்தக் குழாயில் மாதம் ஒருமுறை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பெரியவர்கள் பழக்கியிருந்தார்கள். குழியின் மேல் டைல்ஸ் போட்டு கார் நிறுத்தும் காலத்தில் அந்தப் பழக்கம் போய்விட்டது.

கீசர் விஷயத்தில் ஒரே ஓர் எச்சரிக்கை. தொட்டி கீசரின் பக்கத்தில் ஒரு சின்ன வால்வு இருக்கும். உள்ளே அழுத்தம் கூடினால் தண்ணீரைச் சொட்டவிடுவது அது. ‘லீக் ஆகுது’ என்று அதை டம்மி வைத்து அடைத்துவிடுகிறார்கள். தெர்மோஸ்டாட்டும் ஒருநாள் கெட்டுப்போனால் குளியலறைச் சுவரில் நீங்கள் மாட்டியிருப்பது வெடிக்கக்கூடிய ஒரு பாத்திரம். கீசரே வைக்காமல் விட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். மார்கழியில் வாடகைக்காரர் வாட்டர் ஹீட்டர் ராடை வாங்கி வாளிக்குள் விடுவார். சுவிட்சைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் கைவைத்துச் சூடு பார்த்து இறந்தவர்களின் செய்தி ஆண்டுதோறும் நாளிதழின் உள்பக்கத்தில் வருகிறது.

சமையலறை பற்றிச் சுருக்கமாக: சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். மேலே இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் போதாது, கீழேயும் காற்று போக வழி வேண்டும். பெயின்ட் ஒட்டிக்கொண்டு திறக்க வராத ஜன்னலை அடித்தாவது திறந்துவிடுங்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு நம்மைப்போன்ற புழுக்கமான ஊர்களுக்கு, அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு வேண்டும் என்கிறது. ஹாலை ஒட்டுப் பலகையால் தடுத்து ‘டபுள் பெட்ரூம்’ ஆக்கிய வீடுகளில் ஓர் அறைக்கு ஜன்னலே இருப்பதில்லை. அந்த அறையில் பூஞ்சை பிடிப்பதற்கு வாடகைக்காரர் துணி உலர்த்தியதைக் குறை சொல்கிறோம்.

மாடிப்படியின் அடியில் என்ன இருக்கிறது என்று இன்று மாலை ஒருமுறை பாருங்கள். அநேகமாக எல்லா வீட்டு மீட்டர் பலகையும் அங்கேதான் இருக்கும். அதன் கீழே இரண்டு பைக், பழைய மெத்தை, இப்போது புதிதாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சார்ஜ் ஏறும் மின்சார ஸ்கூட்டர். தீ பிடிக்க வாய்ப்பு அதிகமுள்ள இடமும், மாடியில் இருப்பவர்கள் தப்பிக்க இருக்கும் ஒரே வழியும் ஒன்றாக இருக்கின்றன. இரவு பத்து மணிக்கு கிரில் கேட்டைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளும் உரிமையாளர்களும் உங்களில் இருக்கிறார்கள். திருட்டுப் பயம் எனக்குப் புரிகிறது. ஒவ்வொரு குடித்தனத்துக்கும் ஒரு மாற்றுச் சாவி கொடுங்கள். ஜன்னல் கம்பிகளெல்லாம் சுவருக்குள் புதைத்தவை என்பதால் ஒரு ஜன்னலிலாவது உள்ளிருந்து திறக்கும் கிரில் போடுங்கள்.

இதையெல்லாம் யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று தோன்றலாம். யாரும் வரமாட்டார்கள் என்பதுதான் உண்மை. கட்டும்போது வரைபட அனுமதி உண்டு. பெரிய கட்டடங்களுக்குப் பணி நிறைவுச் சான்றிதழ் உண்டு. சிறு குடியிருப்புகளுக்கு அதிலிருந்தும் விலக்கு. கட்டிக் கிரகப்பிரவேசம் ஆன பிறகு வீட்டின் உட்புறத்தை எந்த அதிகாரியும் எட்டிப்பார்ப்பதில்லை. இங்கிலாந்தில் 2020 முதல் வாடகை வீட்டின் மின்வயரிங்கை ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதித்து அறிக்கையை வாடகைக்காரர் கையில் கொடுக்க வேண்டும். இங்கே அப்படி ஒரு விதி வரும்வரை அந்த வேலை உங்கள் தலையில்தான் இருக்கிறது.

ஆனால் பராமரிப்பு யார் செலவு என்பதில் சட்டம் மௌனமாக இல்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், 2017ஆம் ஆண்டுச் சட்டம் என்று சொல்வோமே, அதன் இரண்டாவது அட்டவணை வேலைகளைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. கட்டமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளை, கதவு ஜன்னலுக்கு வண்ணம், குழாய் மாற்றுவது, உள்ளும் புறமும் வயரிங் செய்வது உரிமையாளரின் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், கீசர் பழுது, சர்க்யூட் பிரேக்கர் பழுது போன்றவை குடியிருப்பவருடையவை. (இல்லாத பிரேக்கரை அவர் எப்படிப் பழுதுபார்ப்பார் என்று சட்டம் சொல்லவில்லை.) காலி செய்யும்போது ‘பெயின்டிங்குக்கு’ என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிக்கும் வழக்கம் நம் ஊரில் ஊறிப்போனது. வாடகைக்காரர் சேதம் செய்திருந்தால் சரி. ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் அதுவும் வேறு பேச்சு. இல்லாவிட்டால் வெள்ளையடிப்பது அட்டவணைப்படி உங்கள் கணக்கு. ஆக, அவர் பணத்தில் உங்கள் வேலையைச் செய்து, அதைக்கொண்டே உங்கள் வீட்டின் நோயையும் மறைக்கிறீர்கள். நீங்கள் செய்ய வேண்டிய பழுதைச் செய்ய மறுத்தால், அவரே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளவும் அந்தச் சட்டம் வழி வைத்திருக்கிறது.

பணம் எங்கே என்பீர்கள். ஓய்வூதியம் போதாமல் மாடிப் போர்ஷன் வாடகையை நம்பியே மருந்து வாங்கும் பெரியவர்கள் உங்களில் இருக்கிறார்கள் என்று தெரியும். அவர்களிடம் எல்லாவற்றையும் ஒரே மே மாதத்தில் செய்யச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆனால் வருமான வரி கட்டுபவர்களுக்கு ஒன்றை நினைவூட்டலாம். வாடகை வருமானத்தில், சொத்துவரி போக மீதியில் 30 விழுக்காட்டைக் கழித்துக்கொண்டுதான் வரி போடுகிறார்கள். ரசீது காட்ட வேண்டாம், ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காவிட்டாலும் அந்தக் கழிவு உண்டு. வீட்டைப் பராமரிக்கச் செலவாகும் என்ற கணக்கில் அரசு விட்டுக்கொடுக்கும் தொகை அது. போன ஐந்தாண்டில் அதில் எவ்வளவு உண்மையில் வீட்டுக்குள் போனது என்று உங்கள் டைரியைப் புரட்டிப் பாருங்கள்.

கையில் பணம் குறைவாக இருந்தால் நான் சொல்லும் வரிசை இது. முதலில் எர்த்தும் ஆர்சிசிபியும். அடுத்தது தட்டிப் பார்த்துப் ‘பொத்’ என்ற கூரையும் ஃபேன் கொக்கியும். பிறகு மொட்டைமாடி, மழைக்கு முன்னால். படியடியைக் காலி செய்யக் காசே வேண்டாம். பெயின்ட் கடைசி. ஒரு வருஷம் பழைய சுவரோடு வீடு விட்டால் வாடகையில் ஐந்நூறு குறையலாம், குறையட்டும்.

வேலை முடிந்ததும் ஒரு வெள்ளைத்தாளில் மெயின் சுவிட்ச் எங்கே, தண்ணீர் வால்வு எங்கே, ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டன் எது, கூரையில் எந்த இடத்தை எந்த மாதம் சரிசெய்தீர்கள் என்று எழுதிச் சாவியோடு கொடுங்கள். அந்த டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தியும் விழாவிட்டால் உங்களுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். வயர்மேன் வந்து எர்த் சரியில்லை என்று சொன்னால், அதைச் சரிசெய்து முடிக்கும் வரை வாசலில் டு-லெட் போர்டு மாட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
கட்டடப் பழுதுநீக்கும் பொறியாளர் ஒருவர்,
சென்னை